அக்குள் கட்டிக்கு முதலில் எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும்?

சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் தை, மாசியில்தான் எங்கள் ஸ்கேன் சென்டரில் பெண்கள் கூட்டம் அதிகம். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர், குத்தாலம் என்று கும்பகோணத்தைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள்தான் பெரும்பாலும். 14 வருஷமாக நான் அங்கே மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் சிடியும் எடுக்கும் ரேடியோகிராபர். "கக்கத்துல நெறி கட்டியிருக்கும்மா, தீபாவளிக்கு முன்னாடியே கையில தட்டுப்பட்டுச்சு, அறுப்பு முடியட்டும்னு விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ரவிக்கைக் கொக்கியைக் கழற்றும் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அவர்களில் பலருக்குப் பயப்படும்படி ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் அந்த மூன்று மாதத் தாமதம் சிலருக்கு நிஜமாகவே நஷ்டமாகிவிடுகிறது, அதைப் படத்தில் முதலில் பார்ப்பது நான்தான் என்பதால் மனசு ஆறுவதில்லை.

இன்னொரு வகையினர், கட்டி தெரிந்த மறுநாளே பயந்துபோய் "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, சிடி எடுத்துடுங்க" என்று நேராக வந்து நிற்பவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் தெரியவில்லை: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, படம் எடுப்பவள். உங்கள் கட்டி என்ன என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற பாதையில் எங்கே ஆட்கள் வழி தவறுகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன்.

ஸ்கேனுக்கு முன்னால் கையைப் பாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வயலுக்குப் பாசன வாய்க்கால் ஒன்று, வடிகால் ஒன்று. உடம்பில் ரத்தக்குழாய் பாசனம் என்றால் நிணநீர்க் குழாய்தான் வடிகால். கை, தோள், மார்பு, மேல்முதுகு இங்கிருந்தெல்லாம் வடிகிற நிணநீர் அக்குள் வழியாகத்தான் போகிறது, அங்கே சுமார் 20 முதல் 30 நிணநீர்க் கணுக்கள் மதகு மாதிரி உட்கார்ந்து வருகிற அழுக்கைத் தடுத்து வடிகட்டுகின்றன. அழுக்கு அதிகம் வந்தால் கணு வீங்கும். அதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். கையில் புண் வந்தால் கக்கத்திலும் காலில் புண் வந்தால் தொடையிடுக்கிலும் நெறி கட்டும் என்று பெரியவர்கள் சொல்வது முழுக்க உண்மை.

அதனால் முதல் வேலை, கட்டி இருக்கும் பக்கத்துக் கையை விரல் நுனியிலிருந்து தோள் வரை வெளிச்சத்தில் பாருங்கள். அரிவாள் பட்ட காயம், நகச்சுத்து, முள் குத்திப் பழுத்த இடம், பூனை பிறாண்டியது, அக்குளை மழிக்கும்போது பிளேடு பட்டது, எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் அந்தக் கையில் தடுப்பூசி போட்டிருந்தால் தேதியோடு சொல்ல வேண்டும். கொரோனா தடுப்பூசிக் காலத்தில் போட்ட கைப் பக்கம் நெறி கட்டி, பயந்து வந்தவர்கள் நிறைய. கைக்குழந்தைக்கு இடது அக்குளில் கட்டி வந்தால் பிறந்தவுடன் இடது கையில் போட்ட பிசிஜி ஊசியின் ஞாபகம் வர வேண்டும், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், பழுத்தாலோ பெரிதாகிக்கொண்டே போனாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சலோடு அக்குளில் நெறி கட்டினால் அக்குள் மடிப்பு, மார்புக்கு அடியில், இடுப்பில் எல்லாம் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. வலிக்காது, அதனால் நமக்கே தெரியாது. அது இருந்தால் ஸ்கேனுக்கு அலைய வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்திலேயே அடங்கக்கூடியது, விட்டுவிட்டால்தான் உயிருக்கே ஆபத்தாகும்.

கட்டியை ஒரு தடவை நன்றாகத் தொட்டுப் பார்த்து, மிளகு அளவா, சுண்டைக்காய் அளவா, நெல்லிக்காய் அளவா, நகர்கிறதா, வலிக்கிறதா, என்றைக்கு முதலில் தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதோடு விட்டுவிடுங்கள். தினமும் பத்து தடவை அமுக்கினால் வலியும் வீக்கமும் கூடத்தான் செய்யும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டு, தோல் வெந்துபோய் வந்த ஒரு அம்மாவுக்கு ஜெல் தடவக்கூட முடியாமல் நாங்கள் தவித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. புண் ஆறுவதற்கே இரண்டு வாரம் ஆயிற்று, அதுவரை ஸ்கேன் இல்லை. பழுத்த கட்டியைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். ரொம்ப முக்கியமாக, மருந்துக் கடையில் வீக்கத்துக்கு என்று கேட்டு வாங்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் நிணநீர்ப் புற்றுநோய் போன்றவை தற்காலிகமாகச் சுருங்கி, பிறகு ஊசியில் எடுத்துப் பார்த்தால்கூடத் தெளிவாகத் தெரியாமல் போகலாம். கட்டி என்னவென்று தெரியும் வரை அந்த வேலை வேண்டாம்.

யார் காத்திருக்கலாம், யார் கூடாது

கையில் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, கட்டி வலிக்கிறது, நகர்கிறது என்றால் புண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு 2, 3 வாரம் பொறுக்கலாம். நெறி மெதுவாகத்தான் வாடும்.

காரணமே தெரியாமல் வந்தது, கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, அடியோடு ஒட்டி நகராமல் இருக்கிறது, வாரா வாரம் பெரிதாகிறது, மார்பில் கட்டியோ தோல் சுருக்கமோ காம்பு உள்ளிழுத்தோ ரத்தக் கசிவோ இருக்கிறது, எடை குறைகிறது, ராத்திரியில் துணி நனையும் அளவுக்கு வியர்க்கிறது, கழுத்திலும் தொடையிடுக்கிலும் சேர்ந்து நெறி கட்டியிருக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் நாள் எண்ண வேண்டாம். 40 வயதைத் தாண்டிய பெண்ணுக்குக் காரணம் தெரியாத புதுக்கட்டி என்றால் வலி இல்லை என்பது ஆறுதல் இல்லை. வலிக்கவில்லை என்பதாலேயே விட்டுவிட்டேன் என்று சொல்பவர்கள்தான் தாமதமாக வருபவர்களில் அதிகம், தயவுசெய்து இதை உங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் சொல்லி வையுங்கள்.

ஆண்களுக்கும் இதே கணக்குதான். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அரிதாக. "இது பொம்பளைங்க ஸ்கேனாச்சே" என்று கூச்சப்படும் அண்ணன்களை நான் பார்த்திருக்கிறேன்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

நேராக ஸ்கேன் சென்டருக்கு வராமல் முதலில் ஒரு டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவமனை என்றால் பொது அறுவை சிகிச்சை ஓபி. கட்டியைத் தொட்டுப் பார்த்து, மார்பையும் கழுத்தையும் பார்த்து, அப்புறம் சீட்டு எழுதுவார்.

அந்தச் சீட்டில்தான் என் சித்தி விஷயத்தில் தவறு நடந்தது. வலது அக்குளில் சின்னக் கட்டி. சீட்டில் வலது அக்குள் என்று மட்டும் எழுதியிருந்தது, ஓரிடத்தில் அதை மட்டும் பார்த்து, சாதாரண நெறிக்கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தது. சித்தி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்து மாதம் கழித்து இன்னொரு இடத்தில் மார்பையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், கைக்கே அகப்படாத ஆழத்தில், பட்டாணி அளவில் ஒன்று இருந்தது தெரிந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார், ஆனால் அந்த ஐந்து மாதத்தை நினைத்து நான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், நான் இதே வேலையில் இருந்தும் அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லையே என்று.

ஆகவே சீட்டில் இரண்டு மார்பு, இரண்டு அக்குள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இங்கிலீஷில் "போத் பிரெஸ்ட் அண்ட் ஆக்ஸிலா" என்ற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், "டாக்டர், மார்பையும் சேர்த்துப் பார்த்துடலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அக்குள் கட்டிக்கு மார்பைப் பார்க்காத ஸ்கேன் பாதி ஸ்கேன்தான்.

முதல் ஸ்கேன் அல்ட்ராசவுண்ட்

கர்ப்பிணிக்கு எடுக்கிற அதே வகைக் கருவிதான், புரோப் மட்டும் வேறு: தோலுக்கு அருகில் இருப்பதைத் துல்லியமாகக் காட்டும் தட்டையான புரோப். ஒலி அலைதான், கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் குழந்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வெறும் வயிறு வேண்டாம், தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வர வேண்டாம். அக்குளை மழித்துக்கொண்டு வர வேண்டியதில்லை, மழித்த கீறலே இன்னொரு நெறிக்குக் காரணமாகிவிடும். புடவையோ மேல்கீழ் தனியாக இருக்கும் சுடிதாரோ வசதி, நைட்டியோடு வந்தால் உங்களுக்குத்தான் சங்கடம். ஆண் டாக்டர் என்றால் கூடவே ஒரு பெண் பணியாளரை நிற்கச் சொல்லலாம், அது உங்கள் உரிமை, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

வருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கட்டி எந்த நிலையில் நன்றாகத் தட்டுப்படுகிறதோ அந்த நிலையில் வைத்து, அதன் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் படுத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சில கட்டிகள் உள்ளே நழுவிவிடும், டாக்டரும் தேடுவார், நீங்களும் தேடுவீர்கள். "உட்கார்ந்தாத்தான் டாக்டர் தட்டுப்படுது" என்று சொன்னால் உட்காரவைத்தே பார்ப்பார்கள். தோள்பட்டை வலி இருந்து கையைத் தூக்க முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திரையில் என்ன தெரியும் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். நல்ல நிணநீர்க் கணு பார்ப்பதற்கு மொச்சைக்கொட்டை மாதிரி நீள்வட்டமாக இருக்கும், சுற்றிலும் மெல்லிய கறுப்பு ஓரம், நடுவில் வெள்ளையாகக் கொழுப்பு. அந்த வெள்ளை நடுப்பகுதிதான் டாக்டர் முதலில் தேடுவது. அது இருந்து, கறுப்பு ஓரம் 3 மில்லிமீட்டருக்குள் சீராக இருந்தால் அவர் முகத்திலேயே இறுக்கம் தளர்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஓரம் ஒரு பக்கமாகத் தடித்துப் புடைத்திருந்தாலோ, வெள்ளை ஓரமாக ஒதுக்கப்பட்டோ முழுக்க மறைந்தோ போயிருந்தாலோ, மொச்சை உருண்டையாகி கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தாலோ, ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளரில் நடுவழியாக வராமல் ஓரங்களிலிருந்து ரத்தம் நுழைந்தாலோ சந்தேகம் வரும். அளவை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. 2 சென்டிமீட்டர் நீளக் கணு வெள்ளை நடுவோடு நல்லதாக இருக்கலாம், சின்னது கெட்டதாக இருக்கலாம். "ஒன்றரை சென்டிமீட்டர்னு போட்டிருக்கே" என்று எண்ணைப் பார்த்து அழுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

எல்லாக் கட்டியும் நெறி இல்லை. கொழுப்புக்கட்டி தோலுக்கு இணையாகப் படுத்து, உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு தெரியும். தோல் பை அடைத்துக்கொண்டு வரும் கட்டி தோலோடு ஒட்டியிருக்கும். சீழ்க்கட்டியில் புரோப்பை லேசாக அமுக்கினால் உள்ளே இருக்கும் சீழ் கலங்கிய வாய்க்காலில் வண்டல் நகர்வது போல நகரும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. வியர்வையும் உரசலும் உள்ள அக்குளில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, உடைந்து, தோலுக்கடியில் எலி வளை மாதிரி பாதை போட்டுத் தழும்பாவது ஹைட்ராடினைடிஸ் என்ற தோல் நோய், அதன் பாதை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் அல்ட்ராசவுண்ட் காட்டும். இதைச் சுத்தக்குறைவு என்று நினைத்து வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை, தோல் மருத்துவரிடம் இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள், பால் கட்டும் நேரத்தில் இரண்டு அக்குளும் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி வலிக்கும் சிலருக்கு. பிறவியிலேயே அக்குளில் கொஞ்சம் மார்புத் திசு இருந்து, அதுவும் சேர்ந்து பால் சுரக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனில் மார்பின் அமைப்பே அங்கும் தெரியும். பிரசவ வார்டில் இதைப் பார்த்துப் புதுத்தாய் மட்டுமல்ல, கூட வந்த மாமியாரும் சேர்ந்து பயந்துபோவார்கள்.

நம் பகுதிக்கே உரியது இன்னொன்று. கும்பகோணம் வட்டாரம் யானைக்கால் நோய்க்குப் பேர்போனதாக இருந்தது, கொசு வழியாக வரும் அந்தப் புழு நிணநீர்க் குழாயில்தான் குடியிருக்கும். அபூர்வமாக அக்குளிலோ மார்பிலோ குழாய்க்குள் உயிரோடு நெளிவது அல்ட்ராசவுண்டில் தெரிவதுண்டு. கை வீக்கமும் அடிக்கடி குளிர்காய்ச்சலும் இருந்தால், வீட்டில் யாருக்காவது யானைக்கால் இருந்தது என்றால், டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும்

முழுக்க இங்கிலீஷில் இருக்கும், வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை செல்போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பார்த்து எல்லோரையும் கலங்கடிக்கும். சில வார்த்தைகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். "ஃபேட்டி ஹைலம் மெயின்டெய்ன்ட்" என்றால் நடுவெள்ளை பத்திரமாக இருக்கிறது, நல்ல சேதி. "ரியாக்டிவ்" என்றால் எதற்கோ பதிலுக்கு வீங்கியது. "கார்டிகல் திக்கனிங்" என்றால் ஓரம் தடித்திருக்கிறது, காரணம் தேட வேண்டும். "மேட்டட்" என்றால் பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கின்றன, "நெக்ரோசிஸ்" என்றால் நடுவில் அழுகியிருக்கிறது; இவை இரண்டும் சேர்ந்தால் நம் நாட்டில் முதலில் நினைப்பது டிபி. கடைசி வரியில் "கோரிலேட்", "எஃப்என்ஏசி", "பயாப்ஸி" என்று ஏதாவது இருந்தால் அடுத்த படி உண்டு என்று அர்த்தம், அந்த வரியைப் படிக்காமல் ரிப்போர்ட்டை பீரோவில் வைக்காதீர்கள்.

மார்பு ரிப்போர்ட்டில் "பைராட்ஸ்" என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் இன்னும் படம் தேவை. 1 ஒன்றுமில்லை, 2 தீங்கில்லாதது. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, வழக்கமாக 6 மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4 என்றால் ஊசியில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் 4 போட்டு வருபவர்களிலும் நிறையப் பேருக்குப் புற்றுநோய் இல்லை என்றே முடிகிறது. 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு. 6 என்பது ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு. இதைப் புற்றுநோயின் ஸ்டேஜ் என்று நினைத்துக்கொண்டு "நாலாவது ஸ்டேஜாம்" என்று ஒரு குடும்பமே என் முன்னால் அழுதிருக்கிறது. ஸ்டேஜ் வேறு, பைராட்ஸ் வேறு.

மேமோகிராம்

இது என் கையால் எடுப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 40 வயதுக்கு மேல் அக்குள் கட்டியோடு வருபவருக்கு அல்ட்ராசவுண்டோடு இதுவும் சேரும். 30 வயதுக்குக் கீழே மார்பு அடர்த்தியாக இருப்பதால் எக்ஸ்ரேயில் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் அல்ட்ராசவுண்டோடு ஆரம்பிப்பார்கள். நடு வயதில் டாக்டர் முடிவு.

அன்றைக்குக் குளித்துவிட்டு, பவுடர், சென்ட், களிம்பு எதுவும் போடாமல் வாருங்கள். வியர்வை நாற்றத்துக்குப் பூசுவதில் அலுமினியம் இருக்கும், அது படத்தில் சுண்ணாம்புத் துகள் மாதிரி வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஆரம்பப் புற்றுநோயும் சில நேரம் அப்படித்தான் தெரியும். தாலிச் சங்கிலியை நெஞ்சிலிருந்து விலக்கி முதுகுப் பக்கம் போடச் சொல்வோம், கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்று தயங்குகிற அம்மாக்களுக்காக இதைச் சொல்கிறேன். பால் கொடுப்பவர்கள் வருவதற்குச் சற்று முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்தால் வலி குறைவு. மாதவிடாய் வந்த முதல் வாரத்தை ஒட்டி எடுத்தால் மார்பு அவ்வளவாக நோகாது, ஆனால் கட்டி இருப்பவர் அதற்காக ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டாம்.

ஒவ்வொரு மார்பையும் இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்துச் சில நொடி அழுத்துவோம், ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், மொத்தம் நான்கு. சாய்வாக எடுக்கும் படத்தில்தான் அக்குளின் கீழ்ப்பகுதி வரும். அப்போது நான் உங்கள் தோளைப் பிடித்து உள்ளே இழுப்பேன், கையைத் தளர்த்தி விடுங்கள், விறைத்துக்கொண்டால் அக்குள் படத்துக்குள் வராது. அழுத்தம் சங்கடம்தான், சிலருக்கு வலிக்கும், "நிறுத்தும்மா" என்றால் நிறுத்துவோம். கதிர்வீச்சு பற்றிப் பயப்பட வேண்டாம். சும்மா வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில வாரத்தில் நம் மேல் படும் அளவுதான்.

சிடி, எம்ஆர்ஐ, பெட்

இவை இரண்டாம் கட்டம். நெஞ்சு எக்ஸ்ரே சாதாரணமாகவே எடுக்கச் சொல்வார்கள், நுரையீரலில் டிபி அறிகுறி இருக்கிறதா என்று முதலில் பார்க்க அது போதும். சிடி, நெஞ்சுக்குள்ளும் வயிற்றிலும் வேறு கணுக்கள் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, முக்கியமாக நிணநீர்ப் புற்றுநோய் சந்தேகத்தில். ஒரு நெஞ்சு சிடியில் படும் கதிர்வீச்சு சுமார் 2 வருஷத்து இயற்கை அளவு, மருந்து ஊசியும் போட வேண்டியிருக்கும், அதற்குச் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை வேண்டும். அல்ட்ராசவுண்டில் பத்து நிமிடத்தில் தெரிகிற நடுவெள்ளையைப் பார்க்க இது தேவையே இல்லை.

அக்குள் கணுவில் மார்பகப் புற்றுநோய் செல் இருப்பது ஊசியில் தெரிந்துவிட்டது, ஆனால் மேமோகிராமிலும் அல்ட்ராசவுண்டிலும் மார்பில் ஒன்றும் அகப்படவில்லை என்றால், ஒளிந்திருப்பதைத் தேட மார்பு எம்ஆர்ஐ. பெட் ஸ்கேன், சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, அதை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரக் காட்டுவது, நோய் உறுதியான பிறகு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்கு; சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், வெறும் வயிற்றோடு போக வேண்டும். இது டிபிக்கும் ஒளிரும், தடுப்பூசி போட்ட பக்கத்துக் கணுவிலும் ஒளிரும், அதனால் ஒளிர்ந்ததெல்லாம் புற்றுநோய் என்று எண்ண வேண்டாம்.

ஊசிக்கு மறுக்காதீர்கள்

எவ்வளவு நல்ல ஸ்கேனாக இருந்தாலும் சந்தேகமான கட்டி என்னவென்று உறுதி செய்வது அதிலிருந்து எடுக்கும் துளி திசுதான். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியை விடுவார்கள். மெல்லிய ஊசியில் செல்களை உறிஞ்சுவது எஃப்என்ஏசி, கொஞ்சம் தடித்த ஊசியில் மரத்துப்போகச் செய்துவிட்டு நூல் மாதிரித் திசு எடுப்பது கோர் பயாப்ஸி. நிணநீர்ப் புற்றுநோய் சந்தேகம் என்றால் கோர் பயாப்ஸியோ ஒரு கணுவை முழுதாக எடுப்பதோ தேவைப்படும், உறிஞ்சியது போதாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும்.

"ஊசி போட்டா பரவிடும், கத்தி வெச்சா பரவிடும்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு எழுந்து போய்விட்ட அக்கா ஒருவர் எட்டு மாதம் கழித்து வந்தார். அந்த எட்டு மாதத்தில் பரவியதற்கு ஊசி காரணமில்லை. உலகம் முழுக்க இதை உறுதிசெய்யும் முறை ஊசிதான். அவசரப்பட்டு, என்னவென்றே தெரியாமல் கட்டியை வெட்டி எடுத்துவிடுவதுதான் பிறகு சிகிச்சையைச் சிக்கலாக்கும். வெட்டி எடுத்தாலும் அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

டிபி சந்தேகம் என்றால் ஊசியில் எடுத்ததில் ஒரு பங்கை ஜீன் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்பார்கள். கழுத்தில் வந்தால் கண்டமாலை என்று நம் பாட்டிமார் சொன்னது பெரும்பாலும் இந்த நெறிக்கட்டி டிபிதான், அக்குளிலும் வரும், இருமலே இல்லாமல் வரும். சாதாரணமாக 6 மாத மருந்து, அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். மருந்து சாப்பிடும்போதே கட்டி சில நாள் பெரிதாகவும் கூடும், அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். டிபி உதவி எண் 1800-11-6666.

எங்கே போவது

காசு இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் மார்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள், அங்கேயே அக்குளையும் காட்டுங்கள். மேல் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி, 2022இல் திறந்த நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி, கும்பகோணம், மயிலாடுதுறை அரசு மருத்துவமனைகள் என்று பக்கத்திலேயே இருக்கின்றன; எந்த ஸ்கேன் எந்தக் கிழமை என்பதை ஓபி சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை, ஆதார், ரேஷன் கார்டு நகலோடு எடுத்துப் போங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை அதில் உண்டு, எந்தப் பரிசோதனைக்குப் பொருந்தும் என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். எங்கே போவதென்றே தெரியவில்லை என்றால் 104க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள்.

சாதாரண நெறி என்று வந்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. டாக்டர் ஆறு வாரம், எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றால், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், முடிந்தால் அதே சென்டருக்கே போங்கள், பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் வாடியதா வளர்ந்ததா என்று தெரியும். ஸ்கேன் படங்களைப் பரணில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உரிந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் கவரில் தாள் வைத்துத் தனித்தனியாகப் போட்டு, மேலே பேரும் தேதியும் எந்தப் பக்கத்து அக்குள் என்பதும் எழுதி, வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.